தோட்டத்து மரத்தளம் பரிசு: கப்பல் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல் (ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மரக்கடையில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி. விடையைச் சீட்டில் எழுதி, சனிக்கிழமைக்குள் பெட்டியில் போட வேண்டும். சரியாக எழுதியவர்களின் சீட்டுகளைக் குலுக்கி ஒருவருக்கு 20 சதுர மீட்டர் பலாவ் மர டெக்கிங் பலகை கொடுக்கிறார்கள்.

கேள்வி இதுதான்: "இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது எது?"

எனக்கு இந்தப் பரிசு வேண்டும். எங்கள் ஆயாவுக்கு 84 வயது. வீட்டுப் பின்பக்கம் சரிவான மண். டிசம்பரில் மழை தொடங்கினால் மார்ச் வரை களிமண் காயவே காயாது. கறிவேப்பிலை மரமும் மல்லிகைக் கொடியும் அந்தச் சரிவின் கீழேதான் இருக்கின்றன. காலையில் பூப் பறிக்காமல் ஆயா சாமி விளக்கு ஏற்றமாட்டார். போன ஜனவரியில் அங்கேதான் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு மரத்தளம் போட்டுவிட்டால் போதும்.

வெருளம்வேலன்

எச்.எம்.எஸ். விக்டரி. சந்தேகமே வேண்டாம், எழுதிப் போடுங்கள். நெல்சனின் கப்பல், 1765ல் கடலில் இறக்கியது, 1805ல் டிராஃபல்கர் போரில் இருந்தது. இன்றும் போர்ட்ஸ்மத்தில் போய்ப் பார்க்கலாம். என் மகளும் மாப்பிள்ளையும் போய்ப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

நங்கூரம்72 (டர்பன்)

வேலன் அண்ணா, மன்னிக்கவும். விக்டரி என்று எழுதினால் சீட்டு குப்பைக்குப் போகும்.

கேள்வியில் "மிதந்துகொண்டிருக்கும்" என்று இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். விக்டரி மிதக்கவில்லை. 1922லிருந்து உலர்துறையில்தான் நிற்கிறது. உங்கள் மகள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கப்பலுக்கு அடியில் தண்ணீர் இருக்காது, முட்டுக்கட்டைகள் இருக்கும்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டர்பன் துறைமுகத்தில் பிரின்ஸ் எட்வர்ட் உலர்துறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். கப்பலை உள்ளே இழுத்து, கதவை மூடி, பம்ப் போட்டுத் தண்ணீரை இறைப்போம். தண்ணீர் இறங்க இறங்கக் கப்பலின் ஏரா, அதாவது அடிமரம், மெதுவாகக் கீழே வந்து கட்டைகளின் மேல் உட்காரும். உட்காரும் அந்த நேரத்தில் காலுக்கடியில் கான்கிரீட் லேசாக அதிர்வது தெரியும். அதுவரை தண்ணீர் தாங்கிய பாரம் மொத்தத்தையும் அந்த நிமிஷத்திலிருந்து கட்டைகள் தாங்குகின்றன. மிதக்கும் கப்பலை எல்லாப் பக்கமும் தண்ணீர் ஒரே சீராக அணைத்துப் பிடித்திருக்கும். கட்டையில் நிற்கும் கப்பல் தன் எடையாலேயே மெல்ல மெல்லத் தொய்யும். விக்டரிக்கு அந்தத் தொல்லை நிறைய உண்டு, முட்டுகளையே புதிதாக மாற்ற வேண்டி வந்தது. மிதப்பதும் நிற்பதும் ஒன்றல்ல.

வெருளம்வேலன்

தம்பி சொல்வது சரிதான், "மிதக்கும்" என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் கான்ஸ்டிடியூஷனா? அது பாஸ்டனில் தண்ணீரில்தானே இருக்கிறது?

நங்கூரம்72

அது அமெரிக்கக் கப்பல். 1797ல் இறக்கியது, இன்னும் மிதக்கிறது, இன்னும் அமெரிக்கக் கடற்படைப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் கேள்வி பிரிட்டிஷ் கப்பலைப் பற்றியது.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தப்பு விடுகிறார்கள். கடற்படைப் பட்டியலில் இன்னும் பெயர் உள்ள கப்பல்களில் மிகப் பழையது எது என்று கேட்டால் விக்டரி. பட்டியலில் இருந்துகொண்டு மிதக்கவும் செய்வது எது என்றால் கான்ஸ்டிடியூஷன். மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பழையது என்றால் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் கடலில் இறங்கியது. இப்போது வட இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதக்கிறது.

யூனிகார்ன் என்றும் யாராவது சொல்லக்கூடும். அது ஸ்காட்லாந்தில் டண்டீ துறைமுகத்தில் மிதப்பது, 1824ல் இறக்கியது. இரண்டும் லீடா வகையைச் சேர்ந்த பாய்மரப் போர்க்கப்பல்கள், அக்காள் தங்கை மாதிரி. டிரிங்கோமலி ஏழு வயது மூத்தவள்.

கோணேசர்மண் (ஜொஹனஸ்பர்க்)

இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. டிரிங்கோமலி என்று நீங்கள் எழுதுவது நான் பிறந்த ஊர். திருகோணமலை. வெள்ளைக்காரனின் வாயில் அது அப்படி ஆகிவிட்டது.

1782ல் எங்கள் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்சண்டையின் நினைவாகத்தான் அந்தக் கப்பலுக்குப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன், ஆங்கிலத் தளபதி ஹியூஸ். அவ்வளவு ஆழமான, காற்றடிக்காத இயற்கைத் துறைமுகம் இந்தப் பக்கத்தில் வேறு கிடையாது என்பதால் யார் வந்தாலும் அதைப் பிடிக்கத்தான் பார்த்தார்கள். சின்ன வயதில் கோணேசர் கோவில் பாறை மேல் நின்று கப்பல் எண்ணுவோம். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல் இருநூறு வருஷம் தாண்டி மிதந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மல்லிகை, ஒரு வேண்டுகோள். சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சரியாக எழுதுங்கள். கடைசியில் இரண்டு "ஈ" வரும். ஊர்ப் பெயரைத் தெரிந்த நாமே அதில் தப்பு விடக்கூடாது.

மல்லிகைப்பந்தல்

அண்ணா, உங்கள் பதிவை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "டிரிங்கோமலி" என்றபோது எதுவும் சொல்லவில்லை. "திருகோணமலை" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "கோணமாமலையா? சம்பந்தர் பாடின ஊராச்சே" என்றார். சின்ன வயதில் மவுன்ட் எட்ஜ்கோம்ப் கோவிலில் ஒரு பெரியவரிடம் தேவாரம் படித்தவர் அவர். அந்தப் பதிகத்தை முழுதாகப் பாடினார். இரண்டு இடத்தில் மட்டும் நின்று யோசித்தார். இலங்கைப் பக்கமே போகாதவர், இந்தியாவையும் பார்க்காதவர்.

அது எந்த மரத்தில் செய்த கப்பல் என்று ஆயா கேட்கிறார். யாருக்காவது தெரியுமா?

தச்சுப்பட்டறை (டொங்காட்)

தேக்கு. மலபார் தேக்கு.

நெப்போலியன் போர்களுக்குக் கப்பல் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. அதனால் பம்பாய்த் துறையில் பார்சி வாடியா குடும்பத்திடம் கப்பல் கட்டச் சொன்னார்கள். ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா பெரிய மேஸ்திரி. 1816ல் ஏரா வைத்தபோது அவர்கள் சம்பிரதாயப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள்.

ஓக்கிலும் தேக்கிலும் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். ஓக்கில் ஒருவிதத் துவர்ப்பு அமிலம் இருக்கிறது. இரும்பு ஆணி அடித்தால் அது ஆணியைத் தின்னும், துரு திரும்ப மரத்தைத் தின்னும். தேக்கில் எண்ணெய் இருக்கிறது. இரும்பையும் காப்பாற்றும், தன்னையும் காப்பாற்றும், கறையான் கிட்ட வராது. சீவினால் கையில் மெழுகு பட்ட மாதிரி இருக்கும், பழைய தோல் செருப்பு வாசம் வரும். ஒரு குறை, மரத்துக்குள் மணல் மாதிரி சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். எங்கள் அப்பா தேக்கு வேலை என்றால் உளிக்கு இரண்டு தடவை சாணை பிடித்துவிட்டுத்தான் தொடங்குவார்.

கப்பல் மேல்தளத்தில் பலகைகளுக்கு இடையே கலப்பற்று அடிப்பார்கள். பிரித்த கயிற்று நாரை உளியால் இடுக்கில் திணித்து, மேலே சூடான கீல் (தார்) ஊற்றுவது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்கக்கூடாது. தோட்டத்து டெக்கிங் அதற்கு நேர் எதிர். தண்ணீர் உடனே கீழே இறங்கியாக வேண்டும், அதனால் பலகைக்குப் பலகை 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுவோம். கப்பலைப் பார்த்து வந்த வேலைதான், ஆனால் கப்பல் மாதிரி நெருக்கி அடித்தால் டர்பன் ஈரத்தில் இரண்டே வருஷத்தில் பலகை பொங்கித் தூக்கிக்கொள்ளும்.

நங்கூரம்72

தச்சரே, அருமை. நானும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இது எனக்கு மிகவும் பிடித்த கதை. டிரிங்கோமலியின் வரைபடங்களை லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஜாவா என்ற போர்க்கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அந்தக் கப்பலை ஓர் அமெரிக்கக் கப்பல் அடித்து வீழ்த்தியது. வரைபடங்களும் போயின, திரும்பவும் பிரதி எடுத்து அனுப்ப வேண்டி வந்தது. அடித்த கப்பல் எது தெரியுமா? வேலன் அண்ணா சொன்ன அதே கான்ஸ்டிடியூஷன்! ஒன்று பாஸ்டனில் மிதக்கிறது, மற்றது ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

வெருளம்வேலன்

உண்மையாகவே புல்லரிக்கிறது தம்பி. என் விக்டரியை விட்டுவிட்டேன்.

நம் முன்னோர்களும் இப்படிப்பட்ட கப்பலில்தான் வந்தார்களா? எங்கள் தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து வந்தார் என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும்.

பழம்பட்டியல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேலன் ஐயா, போர்க்கப்பலில் இல்லை, ஒப்பந்தக் கூலிகளாக, வாடகைக்கு அமர்த்திய கப்பல்களில் வந்தார்கள். முதல் கப்பல் ட்ரூரோ. மதராஸிலிருந்து 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று நேட்டால் துறைக்கு, அதாவது இன்றைய டர்பனுக்கு, வந்து சேர்ந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்வெடியர். அப்படியே 1911 வரை 1,52,184 பேர் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக.

உங்கள் பாட்டனாரைக் கண்டுபிடிக்க முடியும். கப்பல் பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அதன் பக்கத்தில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் எப்போதும் நின்று வாசிப்பேன். "இடது முழங்காலில் தழும்பு", "நெற்றியில் பச்சை". எழுதினவனுக்கு அது அடையாளம் மட்டும். எங்கள் பாட்டிக்கு நெற்றியில் பச்சை இருந்தது. பட்டியலில் அந்த வரியைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் பழைய திருமணப் பத்திரம், இறப்புப் பத்திரம் எதிலாவது அந்தக் காலனி எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தனி இழை தொடங்குங்கள், உதவுகிறேன்.

வெருளம்வேலன்

நன்றி ஐயா, இன்றே பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறேன்.

மல்லிகைக்கு ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்டவர்களே விடையைத் தப்பாக வைத்திருந்தால் என்ன செய்வது? பல வருஷத்துக்கு முன் ஒரு பொது வினாடி வினாவில் என் மகன் சரியான விடை சொல்லியும் தப்பு என்று தள்ளிவிட்டார்கள். நடத்தினவரின் தாளில் வேறு விடை அச்சாகியிருந்தது. பையன் வீடு வரை அழுதுகொண்டே வந்தான். நீங்கள் கடைக்குப் போய், "மிதக்கும்" என்ற சொல்லை அவர்கள் கவனித்துத்தான் எழுதினார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

இன்று போய்க் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தார். விடையைச் சொல்லமாட்டேன் என்றார், அது நியாயம். ஆனால், "மிதக்கும் என்றுதான் கேட்டிருக்கிறோம், தரையில் நிற்பதை அல்ல" என்று அழுத்திச் சொன்னார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அங்கேயே எழுதிப் போட்டுவிட்டேன், இரண்டு "ஈ" போட்டு.

சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒன்று இருக்கிறது. பரிசு பலகை மட்டும். கீழ்ச் சட்டம், தூண், திருகாணி, வேலைக்கூலி எதுவும் கிடையாது. இதற்கெல்லாம் எவ்வளவு ஆகும்?

தச்சுப்பட்டறை

விலை கடைக்குக் கடை மாறும், அளவைச் சொல்கிறேன். பலாவ் பலகை 90 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் இடைவெளி, ஆக வரிசைக்கு 95. 20 சதுர மீட்டருக்குச் சுமார் 210 ஓட்ட மீட்டர். வெட்டில் போவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 230.

தளம் 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால், குறுக்குச் சட்டம் 450 மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம் 13, ஒவ்வொன்றும் 4 மீட்டர். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு திருகாணி, கிட்டத்தட்ட 1,100 ஆகிவிடும். துருப்பிடிக்காத எஃகுதான் வாங்க வேண்டும், கடலுக்குப் பக்கம் என்றால் 316 ரகம். முன்துளை போடாமல் பலாவில் திருகினால் திருகாணி தலை முறிந்து கையோடு வந்துவிடும். இரும்பு போல் கனமான மரம், அது தாங்கும், திருகாணி தாங்காது. ஒரு வீட்டில் வேலை எடுத்தவர் சாதாரண ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டார். முதல் மழையிலேயே ஒவ்வோர் ஆணியிலிருந்தும் கண் மை வழிந்த மாதிரி கருப்புக் கோடு. அவ்வளவையும் பிடுங்கித் திருப்பிப் போட்டோம்.

தூணும் சட்டமும் மருந்து ஏற்றிய பைன் மரம் போதும். மண்ணில் இறங்கும் தூணுக்கு H4 முத்திரை இருக்கிறதா என்று பலகை முனையில் பாருங்கள். H3 மண்ணுக்கு மேலே மட்டும்தான்.

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: அந்தப் பச்சை நிற பைன் மரத் துண்டுகளை பிராய் அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது. மருந்தில் ஆர்செனிக் இருக்கிறது, புகையிலும் சாம்பலிலும் வரும். மீந்த கட்டைதானே என்று அதில் இறைச்சி சுடுகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. ஆயா குளிருக்கு நெருப்பு மூட்டுகிறவர் என்றால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

மல்லிகைப்பந்தல்

சொல்லிவிட்டேன். ஆயா வெந்நீர் அடுப்புக்கு எல்லாக் கட்டையையும் பொறுக்குகிறவர்தான். நல்ல வேளை.

மல்லிகைப்பந்தல்

குலுக்கல் நடந்தது. விடை டிரிங்கோமலிதான். சரியாக எழுதியவர்கள் பதினொரு பேர் மட்டும், பெட்டி நிறைய விக்டரி என்றே இருந்ததாம். ஆனால் சீட்டு எனக்கு விழவில்லை. இசிப்பிங்கோவிலிருந்து ஒரு தாத்தாவுக்கு விழுந்தது.

அழுகை வந்தது, மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். "விடை சரியா?" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். தலையை ஆட்டிவிட்டு விளக்குத் திரி திரிக்கப் போய்விட்டார். எல்லோருக்கும் நன்றி.

கோணேசர்மண்

தங்கச்சி, வருத்தமாக இருக்கிறது. பதினொரு பேரில் ஒருவராக எங்கள் ஊர்ப் பெயரை எழுதினீர்கள், அது எனக்குப் பெரிது. திருகாணிச் செலவு என்னுடையது. மறுக்கக்கூடாது. கணக்கைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

தச்சுப்பட்டறை

20 சதுர மீட்டர் எதற்கு என்று நான் முதலிலேயே நினைத்தேன். மல்லிகைக் கொடிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே 3 மீட்டருக்கு 2 மீட்டர் போட்டால் ஆயாவுக்குத் தாராளம். 21 பலகை, 8 சட்டம், 336 திருகாணி.

பல்லிட்டோவில் முடித்த வேலையில் மீந்த பலாவ் என் கொட்டகையில் கிடக்கிறது. வெயில் பட்டுச் சாம்பல் நிறமாகிவிட்டது, தேய்த்து எண்ணெய் போட்டால் சிவப்பு திரும்பிவிடும். எண்ணிப் பார்த்தேன், 19 பலகை தேறும். இரண்டு குறைகிறது, அதை அந்தக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். தூணுக்கு H4 கட்டை ஆறு இருக்கிறது.

பலகையை வரிவரியாக அறுத்த பக்கம் மேலே வரட்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். வரிக்குள் பாசி பிடித்தால் இன்னும் வழுக்கும். சரிவிலிருந்து ஏறும் இடத்தில் ஒரு கைப்பிடி வைத்துவிடுகிறேன். ஆயா எந்தக் கையால் பூப் பறிப்பார் என்று கேட்டுச் சொல்லுங்கள், கைப்பிடி அதற்கு மறுபக்கம் வர வேண்டும்.

நங்கூரம்72

குழி வெட்ட நான் வருகிறேன். மட்டப்பலகையும் நூல்கண்டும் என்னிடம் இருக்கின்றன.

மல்லிகைப்பந்தல்

வலது கையால் பறிப்பார். கூடையை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

தச்சுப்பட்டறை

அப்படியானால் கைப்பிடி இடது பக்கம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு பேக்கி வண்டியில் வந்துவிடுகிறேன். சனிக்கிழமை மழை பெய்தால் தூண் குழி நிற்காது, அடுத்த வாரம்தான்.